கதவோரச் சீட்டைப் படித்த பிறகு டிரெய்லரை வாங்குங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் பலர், தங்கும் வசதியுள்ள பெரிய டிரெய்லரை டீசல் பிக்கப்பில் இழுத்துச் செல்வது பற்றித் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். அவற்றுள் ஐந்து கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஐயா, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் வரை சென்றுவர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. அதற்காக 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் கொண்ட ராம் 2500 பிக்கப் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறேன். 14,000 பவுண்டு வரை எடை அனுமதிக்கப்பட்ட ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறோம். வண்டியின் இழுதிறன் 17,000 பவுண்டுக்கு மேல் என்பதால் தாராளமாக இழுக்கும் என்கிறார் விற்பனையாளர். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டிய சீட்டிலோ, வண்டியில் ஏற்றக்கூடிய சுமை 2,150 பவுண்டு என்று போட்டிருக்கிறது. வீட்டில் நாங்கள் நான்கு பேர். முன்பணம் கட்டிவிடலாமா?
— ஒரு வாசகர், பிளேனோ, டெக்சாஸ்

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். உங்கள் வண்டி அந்த டிரெய்லரை இழுத்துவிடும், அதில் ஐயமில்லை. ஆனால் தாங்காது. இழுப்பது வேறு, தாங்குவது வேறு. விற்பனைக் கூடத்தில் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டுமே சொல்வார்கள் என்பதால், இரண்டாவதற்கான கணக்கை இங்கே முழுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் முன்பகுதி, பிக்கப்பின் பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலாகவோ சற்று முன்தள்ளியோ பொருத்தப்படும் ஹிட்ச் என்னும் இணைப்புக் கருவியின் மீது வந்து அமர்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை அந்த ஓரிடத்தின் வழியாக உங்கள் வண்டியின் மீது இறங்கும். 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வது வழக்கம். தண்ணீரும் சமையல் வாயுவும் பாத்திர பண்டங்களும் துணிமணிகளும் ஏறிய பிறகு அந்த டிரெய்லர் 13,000 பவுண்டு இருக்கும் என்று கொண்டால், இறங்கும் பாரம் 2,600 பவுண்டு. ஹிட்ச் மட்டுமே ஏறத்தாழ 175 பவுண்டு. நீங்கள் நால்வரும் சேர்ந்து 550 பவுண்டு என்றும், பின்தொட்டியில் கிடக்கும் கருவிகளும் ஐஸ் பெட்டியும் 150 பவுண்டு என்றும் கொள்வோம். கூட்டினால் 3,475 பவுண்டு. உங்கள் கதவோரச் சீட்டு அனுமதிப்பதோ 2,150. ஏறத்தாழ 1,300 பவுண்டு அதிகம். அந்தச் சீட்டின் எண்ணில் ஓட்டுநரின் எடையும் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இவ்வளவு வலிமையான வண்டிக்கு ஏன் இவ்வளவு குறைந்த சுமைத்திறன் என்று நீங்கள் வியப்பது நியாயமே. முதல் காரணம், அந்த டீசல் எஞ்சின் மட்டும் 1,000 பவுண்டுக்கு மேல் எடை கொண்டது. பெட்ரோல் எஞ்சின் வண்டியில் சரக்குக்குக் கிடைத்திருக்கும் எடையில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடுகிறது. இரண்டாவது காரணம், 2500 வரிசை வண்டியின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு என்று நிர்ணயிக்கப்பட்டிருப்பது. அதற்கு ஒரு பவுண்டு கூடினாலும் அமெரிக்க வகைப்பாட்டில் வண்டி அடுத்த எடைப்பிரிவான 3ஆம் வகுப்புக்குப் போய்விடும். அதனால் எஞ்சின் எவ்வளவு வலிமையாக இருந்தாலும், அந்த 10,000 பவுண்டில் வண்டியின் சொந்த எடை போக எஞ்சுவதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

விளம்பரத்தில் வரும் இழுதிறன் எண் பொய்யல்ல. எஸ்.ஏ.இ. ஜே2807 என்னும் பொதுவான சோதனை முறையின்படி, அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில், கடும் வெயிலில், ஏ.சி. முழுவேகத்தில் ஓட, குறைந்தபட்ச வேகம் தளராமல் ஏறிக் காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக்கு வண்டியில் இருப்பவர்கள் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டுமே. ஒவ்வொருவரும் 150 பவுண்டு என்று கணக்கு. பின் இருக்கையில் உங்கள் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை. அதே போல, டிரெய்லர் விற்பவர் சொல்லும் உலர் எடையையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தொட்டியில் தண்ணீர் இல்லாமல், அலமாரியில் ஒரு கரண்டிகூட இல்லாமல் எடுக்கப்பட்ட எடை அது. டிரெய்லரின் மொத்த எடை வரம்பை ஒட்டியே கணக்குப் போடுங்கள். விடுமுறைப் பயணத்தில் டிரெய்லர் அந்த வரம்பை நெருங்காமல் இருப்பது அரிது.

பின்வில்லுக்குத் துணையாகக் காற்றுப் பை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். 2014 முதல் ராம் 2500 வண்டியின் பின்புறத்தில் பட்டை வில்லுக்குப் பதிலாகச் சுருள்வில் இருப்பதால், பாரம் ஏறினால் பின்பக்கம் தாழ்வது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். காற்றுப் பை அந்தத் தாழ்வை நிமிர்த்தும். ஆனால் அச்சின் திறனையோ டயரின் திறனையோ பிரேக்கின் திறனையோ அது ஒரு பவுண்டுகூடக் கூட்டாது. கதவோரச் சீட்டின் எண்ணும் மாறாது. வண்டி நிமிர்ந்து நிற்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தைத்தான் நான் பெரிதும் அஞ்சுகிறேன்.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இந்தப் பிக்கப்பையே வைத்துக்கொள்வதானால், பின்கொக்கியில் மாட்டும் வகை டிரெய்லரில், முழுச்சுமையுடன் 9,000 பவுண்டைத் தாண்டாத ஒன்றைத் தேடுங்கள். அந்த வகையில் 10 முதல் 15 விழுக்காடு பாரமே வண்டியின் மீது இறங்கும். 12 விழுக்காடு என்றால் 1,080 பவுண்டு. ஹிட்ச்சுக்கு 100, குடும்பத்துக்கு 550, பொருட்களுக்கு 150 என்று கூட்டினால் 1,880 வருகிறது. 270 பவுண்டு மிச்சம் இருக்கிறது. அந்த ஃபிஃப்த் வீல்தான் வேண்டுமென்றால், கூடுதல் சுமை தாங்கும் 3500 வரிசை வண்டிக்கு மாறுவதே வழி. அப்போதும் விற்பனை ஏட்டைப் பார்த்து முடிவெடுக்காமல், நீங்கள் வாங்கப் போகும் அதே வண்டியின் கதவைத் திறந்து, சீட்டில் 4,000 பவுண்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயர் கொண்ட இரண்டு வண்டிகளில், சன்ரூஃப், தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் ஆகியவற்றைப் பொறுத்து, நூற்றுக்கணக்கான பவுண்டுகள் வேறுபடும். பின்தொட்டி குட்டையான வண்டியானால், திரும்பும்போது டிரெய்லரின் முன்மூலை கேபினின் பின்கண்ணாடியில் இடிக்காமல் இருக்க, நகரும் வகை ஹிட்ச் தேவைப்படலாம் என்பதையும் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் டீசல் பிக்கப்பின் பின்கொக்கியில் 8,500 பவுண்டு டிரெய்லரை மாட்டினால் பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்கு எதிரே வருபவர்களின் கண்ணைக் கூச வைக்கிறது. நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடந்து போகும்போது டிரெய்லர் இருபுறமும் ஆடுகிறது. அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தலாமா?
— ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. வண்டியின் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஸ்டியரிங்கைத் திருப்பி ஆட்டத்தைத் திருத்த முயலவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டிரெய்லரின் பிரேக்கை இயக்க உதவும் பிரேக் கன்ட்ரோலரில், கையால் இயக்கும் விசையை மெல்ல அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வையுங்கள். பின்னாலிருந்து இழுக்கப்படும்போது டிரெய்லர் நேராகிவிடும். அந்த விசை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தொடும் அளவுக்கு, வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தின் வேர் பெரும்பாலும் பாரம் ஏற்றிய விதத்தில் இருக்கிறது. மாட்டு வண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்பும் அல்லவா? டிரெய்லரிலும் அதுவே நடக்கிறது. மொத்தச் சுமையில் ஏறத்தாழ 60 விழுக்காடு, டிரெய்லர் அச்சுகளுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்பக்கம் மாட்டிய சைக்கிள்கள், பின்னால் அமைந்த தண்ணீர்த் தொட்டி, கட்டிலின் அடியில் அடுக்கிய பொருட்கள் ஆகியவை சேர்ந்து, கொக்கியின் மீது இறங்க வேண்டிய பாரத்தை 10 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுபோய்விடும். அந்த நிலையில் கடந்து போகும் லாரியின் காற்றழுத்தமே டிரெய்லரை ஆட்டத் தொடங்கப் போதும்.

இனி, பின்பக்கம் தாழ்வது. பின்கொக்கியில் இறங்கும் பாரம், பின் அச்சை நெம்புகோலின் தாங்குபுள்ளியாக்கி, முன்சக்கரங்களின் மீதுள்ள எடையைத் தூக்கிவிடுகிறது. விளக்கு வானத்தைப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் விளைவு. ஸ்டியரிங்கும் முன்பிரேக்கும் தம் பிடியை இழப்பது அதைவிடப் பெரிய கேடு. இதற்காகவே எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் என்று ஒன்று உண்டு. அதன் இரண்டு வில்தண்டுகளும் இறுக்கப்படும்போது, தூக்கப்பட்ட எடையின் ஒரு பகுதி முன் அச்சுக்குத் திரும்புகிறது. ஒரு பகுதி டிரெய்லர் அச்சுகளுக்குப் போகிறது.

அதைச் சரிசெய்ய ஒரு நாடா அளவுகோல் போதும். சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு நேர் மேலே மட்கார்டின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை, டிரெய்லர் மாட்டாமல் ஒரு முறையும், மாட்டியபின் தண்டுகளை இறுக்காமல் ஒரு முறையும், இறுக்கியபின் ஒரு முறையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எழும்பிய உயரத்தில் எவ்வளவு பங்கைத் திரும்ப இறக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். சில தயாரிப்பாளர்கள் பாதி போதும் என்கிறார்கள். அதற்கு மேல் இறுக்குவது பின்சக்கரங்களின் பிடியைக் குறைத்துவிடும் என்பதால், கையேட்டின் அளவைத் தாண்ட வேண்டாம்.

பிறகு நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப் ஒன்றில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடைக்குப் போய்விடுங்கள். அங்கே முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் ஆகியவற்றைத் தனித்தனியே எடை போட்டு ஒரே தாளில் அச்சடித்துத் தருவார்கள். லாரி ஓட்டுநர்களுக்கு மட்டுமானது என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கமே போவதில்லை, யாரும் போகலாம். குடும்பத்தினர் அனைவரும் வண்டியில் இருக்க, பயணத்துக்கு ஏற்றியது ஏற்றியபடியே எடை போட வேண்டும். அந்தத் தாளின் எண்களைக் கதவோரத்தில் குறிக்கப்பட்ட அச்சு வரம்புகளோடு ஒப்பிட்டால், ஊகத்துக்கு இடமே இருக்காது.

கேள்வி: ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைக் கடந்து டென்வர் நோக்கி டிரெய்லருடன் இறங்கியபோது பிரேக் கருகிய வாடை வந்தது. டீசல் எஞ்சின் தானாகவே வேகத்தைக் கட்டுப்படுத்தும் என்று நினைத்திருந்தேன். எங்கே தவறு?
— ஒரு வாசகர், ஆரோரா, கொலராடோ

பதில்: கடல்மட்டத்திலிருந்து 11,000 அடி உயரத்திலுள்ள அந்தச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் 6, 7 விழுக்காடு சரிவு மைல் கணக்கில் நீள்கிறது. அந்த இறக்கத்தில் உங்கள் வண்டி இழக்கும் உயரம் முழுவதும் எங்காவது வெப்பமாக மாறியாக வேண்டும். பிரேக் வட்டுகளை மட்டும் நம்பினால் அந்த வெப்பம் முழுவதும் அங்கே போய்ச் சேரும். கருகிய வாடை அதன் முதல் எச்சரிக்கை. அடுத்தது, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காமல் போவது.

டீசல் எஞ்சின் தானாகவே வண்டியை நிறுத்தும் என்பது பரவலான தவறான எண்ணம். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தால் உள்ளே வரும் காற்று அடைபட்டு, எஞ்சின் ஓரளவு இழுத்துப் பிடிக்கும். டீசல் எஞ்சினில் அப்படி அடைபடுவதில்லை. ஆகவே இயல்பாக அது மிகக் குறைவாகவே பிடிக்கும். இதனால்தான் எக்ஸாஸ்ட் பிரேக் தரப்படுகிறது. அதை இயக்கியதும் டர்போவின் உள்ளிருக்கும் நகரும் இதழ்கள் குறுகி, புகை வெளியேறும் வழியை நெருக்குகின்றன. அந்த அழுத்தத்தை எதிர்த்து பிஸ்டன்கள் உழைக்க வேண்டியிருப்பதால் வண்டி மட்டுப்படுகிறது. எஞ்சின் சுழற்சி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நன்றாக இது வேலை செய்யும். ஆகவே எக்ஸாஸ்ட் பிரேக்கையும், சுமை இழுப்பதற்கென உள்ள டோ–ஹால் நிலையையும் சேர்த்தே இயக்க வேண்டும். அந்த நிலை கியரைத் தாழ்த்தி எஞ்சின் சுழற்சியை உயர்த்தித் தரும். இரண்டும் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வேகம் கூடிய பிறகு கியரைத் தாழ்த்த முயன்றால், எஞ்சினைக் காக்கும் பொருட்டு வண்டி அதை மறுத்துவிடக்கூடும்.

இதற்கு மேலும் வேகம் கூடினால், மிதியில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். லாரி ஓட்டுநர்களுக்குக் கற்றுத்தரும் முறை இது: 40 மைல் பாதுகாப்பான வேகம் என்று தீர்மானித்திருந்தால், 40 ஆனதும் பிரேக்கை உறுதியாக அழுத்தி 35-க்குக் கொண்டுவந்து, காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். மீண்டும் 40 ஆகும்வரை பிரேக் ஆறும். வாடை வந்த பிறகு தொடர்ந்து போகாமல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். பிரேக் முற்றிலும் கைவிட்டால், வழியோரத்தில் சரளைக்கல் நிரப்பி மேல்நோக்கி அமைத்திருக்கும் தப்பிக்கும் தடம் உங்களுக்கும் உரியதே. வண்டி சேதமாகுமே என்று தயங்க வேண்டாம்.

டிரெய்லரின் பிரேக் தன் பங்கைச் செய்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வண்டி வேகம் குறையும் அளவை உணர்ந்து அதற்கேற்ப டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் வகை கன்ட்ரோலரே நல்லது. நேரத்தை மட்டும் கணக்கிட்டு அனுப்பும் மலிவான வகை இந்த எடைக்குப் போதாது. சமதளத்தில், போக்குவரத்து இல்லாத இடத்தில், 20 அல்லது 25 மைல் வேகத்தில் சென்று, கைவிசையை மட்டும் முழுவதும் அழுத்திப் பாருங்கள். டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி அளவை அமைக்க வேண்டும். காலி டிரெய்லருக்கும் நிறைந்த டிரெய்லருக்கும் இந்த அளவு வேறு. ஒரு முறை அமைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. டிரெய்லர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கச் செய்யும் பிரேக்அவே கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். அதற்குரிய பேட்டரி சார்ஜ் இறங்கிக் கிடந்தால் அந்த ஏற்பாடே பயன்படாது.

கேள்வி: புகை வடிகட்டியையும், புகையின் மாசைக் குறைக்கும் டி.இ.எஃப். திரவ அமைப்பையும் கழற்றிவிட்டு, கணினியில் எஞ்சின் திறனைக் கூட்டினால் டிரெய்லரை இன்னும் எளிதாக இழுக்கும் என்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு வாசகர், கேரி, வட கரோலினா

பதில்: செய்யக் கூடாது. கூட்டாட்சியின் தூய காற்றுச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்டது. செய்து கொடுத்த கடைகள் மீது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பெரும் அபராதம் விதித்திருக்கிறது. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. உங்கள் எஞ்சினுக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் வலிமை இருக்கிறது. இழுக்கும்போது அதன் எதிரி வெப்பமே. கூடுதலாகப் பாய்ச்சும் டீசல், நீண்ட ஏற்றத்தில் புகையின் வெப்பநிலையை ஏற்றிவிடும். 1,300 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நெடுநேரம் நின்றால் பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் ஆபத்து என்பது மெக்கானிக்குகள் பொதுவாகக் கொள்ளும் அளவு. அந்தப் பணத்தில், புகை வெப்பநிலையையும் கியர்பெட்டி எண்ணெயின் வெப்பநிலையையும் காட்டும் கருவியை வாங்கிப் பொருத்துங்கள்.

டி.இ.எஃப். என்பது 32.5 விழுக்காடு யூரியா கலந்த தூய நீர். அஞ்ச வேண்டிய பொருளன்று. இழுக்கும்போது வழக்கத்தைவிட விரைவாகத் தீரும் என்பதால் ஒரு பெட்டி உடன் வைத்துக்கொள்ளுங்கள். டீசல் தொட்டியில் மட்டும் அது தவறியும் விழுந்துவிடக் கூடாது. விழுந்துவிட்டால் எஞ்சினை இயக்காமல் இழுவை வண்டியை அழையுங்கள். இயக்கினால் எரிபொருள் அமைப்பு முழுவதும் கெட்டுவிடும்.

கேள்வி: கலிபோர்னியாவில் சாதாரண ஓட்டுநர் உரிமத்துடன் பெரிய டிரெய்லரை இழுக்கலாமா? டயரில் எவ்வளவு காற்று வைப்பது?
— ஒரு வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: பின்கொக்கியில் மாட்டும் பயண டிரெய்லரின் எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டினால், வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் தேவை. சொந்தப் பயன்பாட்டுக்கான ஃபிஃப்த் வீல் 10,000 முதல் 15,000 பவுண்டு வரை என்றால், உங்கள் சாதாரண சி வகுப்பு உரிமத்திலேயே ஒரு கூடுதல் ஒப்புதல் பெற்றால் போதும். அதற்கு மேல் போனால் ஏ வகுப்புதான். எந்த டிரெய்லரானாலும் கலிபோர்னியாவில் உச்ச வேகம் 55 மைல்.

டயரைப் பொறுத்தவரை, பிக்கப்புக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று என இரண்டு கணக்குகள் உண்டு. பிக்கப்பின் டயர்களுக்குக் கதவோரத்தில் குறித்த அளவையே வைக்க வேண்டும். முன்னும் பின்னும் அது வேறுபடலாம். டிரெய்லருக்கென்றே தயாராகும் எஸ்.டி. வகை டயர்களுக்கு, டிரெய்லரின் உடலில் ஒட்டிய சீட்டில் உள்ள அளவை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து நிரப்புங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித் தெரிவது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுபவர்களுடைய டயர்களே பாலைவன வெயிலில் வெடிக்கின்றன. வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியையும் பாருங்கள்: முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வெயிலில் நின்றபடியே முதுமை அடைந்த டிரெய்லர் டயர், பட்டன் தேயாமல் புதிதுபோல் தோன்றினாலும் உள்ளே பலமிழந்திருக்கும். ஐந்தாறு ஆண்டு கடந்ததை மாற்றிய பிறகே நெடுவழிக்குப் புறப்படுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும், முதல் 50 மைல் ஓடியதும் நிறுத்தி, நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் மீண்டும் சரிபாருங்கள்.